ஜெர்மேன் மிஸ்ஸின் இரண்டாம் தொகுதி

லூசியா வீட்டுக்குப் போயிட்டுத்தானே இங்க வர்ற? நீ சொல்ல வேண்டாம். வாசல்ல என் முகத்தைப் பாக்காம தரையைப் பாத்துக்கிட்டு நின்னியே, அப்பவே தெரிஞ்சுபோச்சு. அவகிட்ட பேசிட்டு வர்றவங்க எல்லாரும் அப்படித்தான் நிப்பாங்க. நான் என்னமோ கடிச்சு வச்சிடுவேன்கிற மாதிரி.

உக்காரும்மா. ஃபேனுக்கு நேரா வேண்டாம், நீ குறிப்பு எடுக்கற தாளெல்லாம் பறக்கும். என்ன சொன்னா? அவ அத்தையைக் கொன்னதே நான்தான்னு சொல்லியிருப்பா. அதை விட ஒண்ணு சொல்லியிருப்பா, சவப்பெட்டி விஷயம். அதைத்தான் ஒரு வருஷமா கோயில்ல எனக்குப் பின் பெஞ்சுல உக்காந்துக்கிட்டு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கா. நான் இப்ப எட்டு மணிப் பூசைக்கே போறதில்ல. ஆறு மணிப் பூசைக்கு மாறிட்டேன். எழுபது தாண்டின பொம்பளை, இருட்டோட எந்திரிச்சுப் போறேன். யாரால? அவளால.

சரி, என் பக்கத்தையும் கேளு. நீ படிச்ச பொண்ணு. முழுசாக் கேட்டுட்டு அப்புறம் நீயே சொல்லு, நான் என்ன தப்பு பண்ணினேன்னு.

முதல்ல புத்தகங்கள். அதுக்குத்தானே நீ சென்னையிலேர்ந்து பஸ் ஏறி வந்தது. இந்த ரெண்டு அலமாரியும்தான். இருநூத்திச் சொச்சம் இருக்கு. எல்லாம் பாரீஸ்லயும் ப்ருசெல்ஸ்லயும் அச்சானது, பல புத்தகம் இருநூறு வருஷத்தை நெருங்குது. எல்லாமே பிரெஞ்சு. ஆனா ஒண்ணுகூட பிரெஞ்சுக்காரங்க எழுதினதில்ல. இங்கிலாந்துப் பொம்பளைங்க எழுதின நாவல்கள், அதோட பிரெஞ்சு மொழிபெயர்ப்பு. அது மட்டும்தான் சேக்கறேன். ஆம்பளை எழுதினதும் கிடையாது, இங்கிலீஷ் மூலமும் கிடையாது. 'ஏன் மதாம், இங்கிலீஷ்லயே வாங்கிப் படிக்கலாமே'ன்னு கேப்பாங்க. படிக்கறவங்க வேற, சேக்கறவங்க வேற. அது புரியாதவங்ககிட்ட நான் பேசறதே இல்ல.

எல்லாம் இந்த ஊருக்குக் கப்பல்ல வந்ததுதான். நீதிபதி பொண்டாட்டி, கப்பல் கம்பெனிக்காரன் பொண்டாட்டி, இவங்கள்ளாம் மத்தியானம் பொழுது போகாம படிச்சது. ஐம்பத்தினாலுல வெள்ளைக்காரங்க கிளம்பிப் போனப்ப பீரோவை ஏத்திக்கிட்டாங்க, புத்தகத்தை விட்டுட்டாங்க. அது ஒவ்வொரு வீடா மாறி, கடைசியில பழைய பேப்பர் கடைக்கு வரும். நான் பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிள் ரிக்‌ஷா பிடிச்சு நேரா அங்கதான் போவேன். முப்பத்திநாலு வருஷம் பிரெஞ்சு டீச்சர். கல்யாணம் பண்ணிக்கல. எங்க தாத்தா வக்கீல், பிரெஞ்சு குடியுரிமை வாங்கின குடும்பம். வீடு இருந்துச்சு, அலமாரி இருந்துச்சு, எனக்கு வேற என்ன வேணும்.

அந்தக் காலத்து மொழிபெயர்ப்பாளனுங்க லேசுப்பட்டவங்க இல்ல, தெரியுமா? பிடிக்காத அத்தியாயத்தைத் தூக்கிடுவான். பொம்பளை எதிர்த்துப் பேசற இடத்தை நாலு வரியில முடிச்சிடுவான். சாகறவளைப் பிழைக்க வைப்பான், பிழைச்சவளைச் சாகடிப்பான். முதல் பக்கத்துல அவன் பேரு கொட்டை எழுத்துல இருக்கும். எழுதினவ பேரே இருக்காது. 'ஓர் ஆங்கிலச் சீமாட்டி' அவ்வளவுதான். சிலருக்கு இதைப் பாத்தா கோபம் வரும். எனக்கு வராது. யார் கையில பேனா இருக்கோ அவங்க வச்சதுதானே சட்டம்.

நீ தேடி வந்தது இது. மூணு தொகுதி. தமிழ்ல சொல்லணும்னா 'கடலோர வீட்டுக் கோன்ஸ்தான்ஸ்'னு வச்சுக்கலாம். மொழிபெயர்த்தவன் தலைப்பையும் மாத்தி, எழுதினவ பேரையும் விட்டுட்டதால இங்கிலீஷ்ல இது எந்த நாவல்னு இன்னி வரைக்கும் யாருக்கும் தெரியல. முடிவு தெரிஞ்சா கண்டுபிடிச்சிடலாம்னு நீ கடிதத்துல எழுதியிருந்தே. வர்றேன், அதுக்குத்தான் வர்றேன்.

என்கிட்ட முதல் தொகுதியும் மூணாவதும் இருந்துச்சு. ரெண்டும் ஒரே கடையில, ஒரே நாள்ல எடுத்தது. ரெண்டாவது இல்ல. பதினெட்டு வருஷம் தேடினேன். இந்த ஓரத்துல ஒரு விரல் அகலத்துக்கு இடம் விட்டு வச்சிருந்தேன். தினம் தூசி துடைக்கும்போது அந்த இடத்தையும் துடைப்பேன்.

அது எங்க இருந்துச்சு தெரியுமா? நெல்லித்தோப்புல, எங்க பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சர் வீட்டுல.

ஜெர்மேன். என்னை விட ஏழெட்டு வயசு பெரியவ. ரிட்டயர் ஆனவங்க கூட்டம் ஒண்ணு நடந்துச்சு, அங்க யாரோ என் அலமாரியைப் பத்திப் பேசினப்ப, 'என்கிட்டயும் அப்படி ஒண்ணு இருக்கு ஒதில் மிஸ், கோன்ஸ்தான்ஸ் கதை'ன்னு சொன்னா. நான் டீயைக் கீழ வச்சுட்டேன். இருபத்தஞ்சு வருஷம் ஒரே ஸ்டாஃப் ரூம்ல உக்காந்திருக்கோம். ஒரு வார்த்தை சொன்னதில்ல. நானும் கேட்டதில்லதான். தையல் டீச்சர்கிட்ட போய் யாராவது புத்தகம் கேப்பாங்களா?

அவ அப்பா குசினிக்காரர். ஒரு நீதிபதி வீட்டுல சமையல். நீதிபதி பொண்டாட்டி கப்பல் ஏறும்போது குசினிக்காரர் மகளுக்கு இந்த ஒரு தொகுதியைக் குடுத்துட்டுப் போயிருக்கா. மத்த ரெண்டும் அப்பவே எங்கயோ போயிடுச்சு. அதை வச்சுத்தான் ஜெர்மேன் பிரெஞ்சே படிச்சிருக்கா. பத்து வயசுலேர்ந்து அந்த நடுத் தொகுதியை மட்டும், திரும்பத் திரும்ப. புருஷன் சொல்தா, பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவர், வேற புத்தகம் வாங்கித் தர்றேன்னு சொன்னாராம். வேண்டாம்னுட்டாளாம். யோசிச்சுப் பாரு, கதை எப்படித் தொடங்குச்சுன்னு தெரியாது, எப்படி முடிஞ்சுதுன்னு தெரியாது. நடுவுல அறுபது வருஷம்.

நான் போன வருஷத்துக்கு முந்தின செப்டம்பர்ல அவ வீட்டுக்குப் போனேன். அப்பவே ரெண்டு கண்ணும் போயாச்சு, சர்க்கரை. அண்ணன் மக லூசியாதான் கூட இருந்து பாத்துக்கிட்டா. ஜெர்மேன் ஜன்னல் பக்கத்துல உக்காந்திருந்தா, மடியில அந்தப் புத்தகம். தோல் அட்டை, முதுகுல தங்க எழுத்து அழிஞ்சிருந்துச்சு, ஆனா ஒரு பூச்சி அரிக்கல. வாரா வாரம் வசம்பு மாத்துவாளாம். நான் அதைக் கையில வாங்கி, பக்கம் ஏதாவது விட்டிருக்கான்னு புரட்டிப் பாத்தேன்.

விலை பேசினேன். சிரிச்சா.

'இதைக் குடுத்துட்டு நான் யார்கிட்ட பேசுவேன் மிஸ்?' அப்படின்னா. கண்ணு தெரியாது, ஒரு வரி படிக்க முடியாது. பேசறாளாம்.

'கோன்ஸ்தான்ஸ் யாரு, எந்த ஊரு, அத்தை வீட்டுக்கு எதுக்கு வந்தான்னே உங்களுக்குத் தெரியாதே'ன்னேன். 'என்கிட்ட முதல் தொகுதி இருக்கு.'

அவ முகம் என் பக்கம் திரும்புச்சு. பிள்ளைங்க பரிட்சை ரிசல்ட் கேக்கும்போது ஒரு முகம் வச்சிருப்பாங்க பாரு, அந்த முகம்.

'படிச்சுக் காட்டுவீங்களா?'

அப்படித்தான் ஆரம்பிச்சுது. செவ்வாய், வெள்ளி, சாயங்காலம் நாலு மணி. அந்த வருஷம் மழை எப்படி அடிச்சுது, உனக்குத் தெரியும். ஆட்டோக்காரன் வரமாட்டேன்னா கெஞ்சிக் கூட்டிக்கிட்டுப் போவேன். இதை லூசியா சொன்னாளா உன்கிட்ட? சொல்லியிருக்க மாட்டா. ஒரு கண்ணு தெரியாத கிழவிக்கு வாரத்துல ரெண்டு நாள் மழையில போய்ப் புத்தகம் படிச்சுக் காட்டினது யாரு? அவளா?

முதல் தொகுதி முடிய ஆறு வாரம் ஆச்சு. ஜெர்மேன் கேக்கற விதம் இருக்கே, கையிலிருக்கற நூலை முடிச்சுப் போட்டுக்கிட்டே கேப்பா. திடீர்னு கை நிக்கும். 'அதனாலதானா!' ஒரு நாள் சத்தமாவே சொன்னா. ரெண்டாம் தொகுதியில அத்தை ஒரு பச்சை மோதிரத்தைக் கண்டாலே எந்திரிச்சுப் போயிடுவாளாம். ஏன்னு அறுபது வருஷமாத் தெரியாதாம். முதல் தொகுதியில அதுக்குக் காரணம் வந்துடுச்சு. அன்னைக்கு அவ அழுதா. லூசியா ரவை கேக் செஞ்சு வச்சிருந்தா, ஜெர்மேன் என் தட்டுல ரெண்டு துண்டு வைக்கச் சொன்னா.

அப்புறம் ரெண்டாம் தொகுதி. அதை நான் படிக்க வேண்டி வரல. அவளே சொன்னா, மனப்பாடமா. நான் புத்தகத்தை விரிச்சு வச்சுக்கிட்டு விரலால வரியைத் தொட்டுக்கிட்டே போவேன். முன்னூத்திச் சொச்சம் பக்கம். உச்சரிப்பு சகிக்காது. குசினியில கத்துக்கிட்ட பிரெஞ்சு, வேற எப்படி இருக்கும். நான் நிறுத்தித் திருத்துவேன். ஒவ்வொரு தப்புக்கும் நிறுத்துவேன். கோன்ஸ்தான்ஸைத் திருடின்னு சொல்லி மழையில வெளிய அனுப்பி இரும்புக் கதவைச் சாத்தற இடம், அதுதான் ரெண்டாம் தொகுதியோட கடைசி, அதை அவ குரல் நடுங்கச் சொல்லிக்கிட்டிருந்தா. அப்பவும் நிறுத்தினேன். 'ஜெர்மேன், அந்த வினைச்சொல்லுக்குக் கடைசி எழுத்தை உச்சரிக்கக் கூடாது.' லூசியா சமையல்கட்டுலேர்ந்து வந்து என்னைப் பாத்துட்டுப் போனா. தப்பைத் தப்புன்னு சொல்ல வேண்டாமா? முப்பத்திநாலு வருஷம் அதைத்தானே செஞ்சேன்.

ஜெர்மேன் என்ன சொன்னா தெரியுமா? 'நல்லாச் சொல்லிக் குடுங்க மிஸ். எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல'ன்னா. கோபமே வராது அவளுக்கு. அதுதான் எனக்கு எரிச்சல்.

நவம்பர் கடைசியில மூணாவது தொகுதி முடியற இடத்துக்கு வந்துட்டோம். கோன்ஸ்தான்ஸ் வடக்கே ஏதோ ஊர்ல லேஸ் கடையில வேலை பாக்கறா. எட்டு வருஷம் கழிச்சு அத்தைகிட்டேர்ந்து ஒரு கடிதம் வருது. உள்ள ஒண்ணும் எழுதல, வெறும் தாள். அதை எடுத்துக்கிட்டுக் கிளம்பி வர்றா. அதே கடலோர வீடு. அதே இரும்புக் கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள போறா. வாசல் கதவைத் தட்டறா. அதோட பக்கம் முடியுது. இன்னும் ஒரு அத்தியாயம் இருக்கு.

நான் புத்தகத்தை மூடினேன்.

'படிங்க மிஸ்'னா.

'ரெண்டாம் தொகுதியை எனக்குக் குடுங்க, படிக்கறேன்'னேன்.

அவ நூல்ல ஒரு முடிச்சுப் போட்டா. மழை ஓட்டுல அடிச்சுக்கிட்டிருந்துச்சு. அப்புறம் மெதுவா, 'நான் போனதும் உங்களுக்குத்தான் மிஸ், லூசியாகிட்ட சொல்லி வச்சிருக்கேன்'னா. அவ போனதும். எப்பப் போவா? எனக்கும் வயசாகுது. நான் குடையை எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

ரெண்டு வாரம் நான் அங்க போகல. லூசியா இங்க வந்தா, இதோ இந்த வாசல்ல நின்னா. 'அத்தை சரியாச் சாப்பிடறதில்ல மதாம். செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு நாற்காலியை வாசல் பக்கமாத் திருப்பிப் போடச் சொல்றாங்க. ஒரு தடவை வந்துட்டுப் போங்க'ன்னா. 'புத்தகம் வரட்டும், நான் வர்றேன்'னேன். நேர்மையாத்தான் பேசினேன். ஒளிச்சு மறைச்சு ஒண்ணும் பேசல.

ஒரு விஷயம் மட்டும் சொல்லல. சொல்லணும்னு என்ன இருக்கு. என்னோட மூணாவது தொகுதியில அந்தக் கடைசி அத்தியாயம் இல்ல. கடைசிப் பதினாறு பக்கம், ஒரு மடிப்பு முழுசா, தையல் விட்டு எப்பவோ விழுந்துபோச்சு. பேப்பர் கடையில எடுக்கும்போதே இல்ல.

டிசம்பர் நடுவுல லூசியா கையில புத்தகம் வந்துச்சு. ஜெர்மேன் தானே தைச்ச ஒரு துணி உறையில போட்டு அனுப்பியிருந்தா. கண்ணு தெரியாம தைச்சது, ஆனா தையல் நேரா இருந்துச்சு. நான் உறையைக் கழட்டித் திருப்பிக் குடுத்துட்டேன், துணி ஈரம் பிடிக்கும். புத்தகத்தை அந்த ஒரு விரல் இடத்துல வச்சேன். சரியாப் பொருந்துச்சு. அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோஷம், வேண்டாம், உனக்குப் புரியாது.

வாக்குக் குடுத்தா காப்பாத்தணுமில்லையா. போனேன். மூணாவது தொகுதியைப் பிரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்தேன். எதுத்தாப்புல பின்னட்டை. வெறும் அட்டை. அதைப் பாத்துக்கிட்டே படிச்சேன். முதல்ல பயமாத்தான் இருந்துச்சு, நிறுத்தி நிறுத்திப் படிச்சேன். அப்புறம் வாக்கியம் தானா வர ஆரம்பிச்சுது. நல்ல பிரெஞ்சு, பழைய பிரெஞ்சு. நான் வாழ்க்கையில எழுதினதுன்னு ஒண்ணு உண்டுன்னா அதுதான்.

வேலைக்காரி கதவைத் திறக்கறா. கோன்ஸ்தான்ஸைத் தலையிலேர்ந்து கால் வரைக்கும் பாத்துட்டு, 'வேலை கேட்டு வர்றவங்க பின்வாசல் வழியா, குசினிப் பக்கமா வரணும்'கிறா. உள்ளேர்ந்து பியானோ சத்தம் வருது. கோன்ஸ்தான்ஸ் தன் பேரைச் சொல்லி அனுப்பறா. அத்தையோட குரல் கேக்குது. 'அப்படி யாரையும் எனக்குத் தெரியாது.' கதவு சாத்திடறாங்க. கோன்ஸ்தான்ஸ் திரும்பி நடந்து, வண்டி நிக்கற இடத்துல பெஞ்சுல உக்காந்து, விடியறதுக்குள்ள குளிர்ல செத்துப்போறா. அவ துணிப்பெட்டியைக் கேட்டுக்கூட யாரும் வரல. முடிந்தது.

குசினி எப்படி வந்துச்சுன்னு கேக்காதே. வந்துச்சு.

ஜெர்மேன் கையில நூல் அப்படியே இருந்துச்சு. 'கதவு வரைக்கும் வந்துட்டாளே மிஸ்'னா. அதையே ரெண்டு தடவை சொன்னா. எனக்கு ஆட்டோ காத்துக்கிட்டிருந்துச்சு, கிளம்பிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு ரெண்டு நாள் கழிச்சு அவளை ஆஸ்பத்திரியில சேத்தாங்க. சிறுநீரகம். எழுபத்தொன்பது வயசு, இருபது வருஷமாச் சர்க்கரை, அதுக்கும் நான் படிச்ச கதைக்கும் என்னம்மா சம்பந்தம்? டாக்டரைக் கேளு. லூசியாவுக்கு அது எல்லாம் தெரியும். தெரிஞ்சும் பேசறா.

ஜனவரி முதல் வாரம் லூசியா போன் பண்ணினா. நல்லாத்தான் பேசினா. 'அத்தை உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க மதாம். அந்தக் கடைசி அத்தியாயத்தை எழுதினது, கதையை எழுதின அந்த அம்மா இல்லையாம். அது வேற யாரோ எழுதினதாம். கதவைத் தட்டித் தட்டி யாருமே திறக்காதவங்க யாரோ. அவங்களை நினைச்சா பாவமா இருக்குன்னு சொல்லச் சொன்னாங்க'ன்னா.

எப்படி இருக்கும் எனக்கு? பாவமாம். ஒரு குசினிக்காரர் மக, ஒரே ஒரு புத்தகம் படிச்சவ, எனக்கு விமர்சனம் சொல்லி அனுப்பறா. நான் மொழிபெயர்ப்பாளனைப் பத்தித்தான் சொல்றாளாக்கும்னு எடுத்துக்கலாம்னு பாத்தேன். முடியல.

அந்த வாரமே தபால் வந்துச்சு. பிரான்ஸ்ல லியோன்ல ஒரு பழைய புத்தகக் கடைக்காரர்கிட்ட இந்த மூணாவது தொகுதிக்கு எத்தனையோ வருஷமாச் சொல்லி வச்சிருந்தேன். ஒரு பிரதி கிடைச்சு அனுப்பியிருந்தார். இதோ, இது. தோல் அட்டை கிடையாது, கடைக்கு வந்த அதே நீலக் காகித அட்டை. அந்தக் காலத்துல பாரீஸ்ல புத்தகத்தை ஓரம் வெட்டாமத்தான் விப்பாங்க. பெரிய தாளை அச்சடிச்சு, மடிச்சு மடிச்சுத் தைச்சிருப்பாங்க. வாங்கினவங்கதான் கத்தி வச்சு ஒவ்வொரு மடிப்பா அறுத்து அறுத்துப் படிச்சுக்கிட்டுப் போகணும். இந்தப் பிரதியை வாங்கினவ யாரோ, கடைசி மடிப்பு வரைக்கும் அறுத்திருக்கா. கடைசி மடிப்பை அறுக்கல. அந்தப் பதினாறு பக்கத்தை. கோன்ஸ்தான்ஸ் கதவைத் தட்டினதும் அவளுக்கு என்ன ஆச்சோ, பிரசவமோ சாவோ, புத்தகத்தை வச்சுட்டா. அதுக்கப்புறம் யாரும் தொடல. முழுசா மடிப்புப் பிரியாத அத்தியாயம். இப்படி ஒண்ணு கிடைக்கறது எவ்வளவு அபூர்வம் தெரியுமா உனக்கு? தெரியும், நீதான் படிக்கிறியே இதையெல்லாம்.

அதை எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எதுக்குப் போனேன்னு லூசியா கேட்டா. அவ அத்தை என்னைத் தப்பாப் பேசிட்டா, நேர்ல போய்ச் சரிபண்ண வேண்டாமா?

ஜெர்மேன் கட்டில்ல பாதி உடம்பாக் கிடந்தா. கையெல்லாம் வீங்கி. என் குரலைக் கேட்டதும் சிரிச்சா. 'ஒதில் மிஸ், வந்துட்டீங்களா. லூசியா, மிஸ்ஸுக்கு ஸ்டூல் போடு.'

நான் நின்னுக்கிட்டே சொன்னேன். 'நீங்க சொன்னது சரிதான். அந்த முடிவு புத்தகத்துல இல்ல. என் பிரதியில கடைசி அத்தியாயமே கிடையாது. நான்தான் சொன்னேன், வாயில வந்ததை.'

லூசியா என்னைப் பாத்த பார்வை இருக்கே. ஜெர்மேன், 'தெரியும் மிஸ்'னா. 'பக்கம் திருப்பற சத்தம் கேக்கல.'

பாத்தியா? கேட்டுக்கிட்டே உக்காந்திருந்திருக்கா. ஒரு வார்த்தை சொல்லாம.

அப்பதான் இதை அவ கையில வச்சேன். 'இது முழுப் பிரதி. உண்மையான முடிவு இதுல இருக்கு'ன்னேன். அவ விரலால தடவினா. தையல்காரி விரல் இல்லையா, ஒரு நொடியில மடிப்பைக் கண்டுபிடிச்சிட்டா. கீழ் ஓரம் பிரிஞ்சிருக்கு, மேல மடிப்பு, பக்கவாட்டுல மடிப்பு.

'இது திறக்கவே இல்லையே மிஸ்.'

'இல்ல.'

'வெளிய ஒண்ணும் தெரியலையா?'

'முதல் பக்கத்துல அத்தியாயத் தலைப்பு மட்டும்தான். கடைசிப் பக்கமும் வெளிப்பக்கமா இருக்கு. மேல அரை வரி. "என்று அவள் சொன்னாள்." அவ்வளவுதான். கீழ முடிந்ததுன்னு போட்டிருக்கு.'

அவ முகத்துல ரத்தச் சிவப்பு ஏறுச்சு. நிஜமாச் சொல்றேன், அந்த வெளுத்த முகத்துல. 'அப்ப சாகல'ன்னா. 'கடைசியில அவ பேசறா. யாரோ கதவைத் திறந்திருக்காங்க மிஸ். என்ன சொல்றா?'

'மடிப்புக்குள்ள இருக்கு.'

'லூசியா, ஆப்பிள் வெட்டின கத்தி எங்க?'

நான் புத்தகத்தை அவ கையிலேர்ந்து எடுத்துக்கிட்டேன். இழுக்கல. லூசியா இழுத்தேன்னு சொல்றா, இல்ல. எடுத்தேன். 'வெட்டினா இதோட மதிப்பே போயிடும் ஜெர்மேன்'னு புரியற மாதிரி எடுத்துச் சொன்னேன். 'இப்படி மடிப்புப் பிரியாத பிரதி உலகத்துல இது ஒண்ணுதான் இருக்கும்.'

'நீங்களும் தெரிஞ்சுக்கலாமே மிஸ்'னா. 'ரெண்டு பேரும் சேந்து. நீங்க படிங்க, நான் கேக்கறேன். எத்தனை தப்புன்னாலும் திருத்துங்க.'

'எனக்குத் தெரிய வேண்டாம்'னேன். உண்மை அது. எனக்குத் தெரிய வேண்டாம்.

பக்கத்துக் கட்டில் பொம்பளைங்க எல்லாரும் பாத்துக்கிட்டிருந்தாங்க. அவங்களுக்கு என்ன தெரியும். லூசியா அழ ஆரம்பிச்சா. 'பதினாறு பக்கம்தானே மதாம்'னா. 'பதினாறு பக்கம்தானே.' அந்த 'தானே'யில இருக்கு அவ படிப்பு.

ஜெர்மேன்தான் அவளை அடக்கினா. 'விடு லூசியா. மிஸ்ஸோட புத்தகம்.' அப்புறம் என் பக்கம் கையை நீட்டி, 'அப்ப என்னோட ரெண்டாம் தொகுதியை ஒரு தடவை கொண்டு வாங்க மிஸ். தொட்டுட்டுத் திருப்பிக் குடுத்துடறேன்'னா.

'அடுத்த வாரம்'னேன். நிஜமாவே கொண்டு போறதாத்தான் இருந்தேன். ஞாயித்துக்கிழமை காலையில போயிட்டா. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?

இப்ப சவப்பெட்டி விஷயம். லூசியா போன்ல கேட்டா, அந்த ரெண்டாம் தொகுதியை அத்தை கையில வச்சு அடக்கம் பண்ணணும்னு. நீயே சொல்லு. தோல் அட்டை, இருநூறு வருஷம் பூச்சி படாதது, அதை மண்ணுக்குள்ள போடறதா? படிச்ச யாராவது செய்வாங்களா? ஆனா முடியாதுன்னு சொல்லி துக்க வீட்டுல ஒரு வாக்குவாதம் வேண்டாம்னு பாத்தேன். அதே அளவுல, அதே பழுப்பு நிறத் தோல்ல என்கிட்ட வேற ஒரு பழைய பிரெஞ்சுப் புத்தகம் இருந்துச்சு. பக்கமெல்லாம் ஒட்டிப்போய், எதுக்கும் உதவாதது. நானே எடுத்துக்கிட்டுப் போய் ஜெர்மேன் கையில வச்சேன். லூசியாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. என் காலைத் தொட்டா. எல்லார் முன்னாடியும் 'நன்றி மதாம்'னா.

பிரான்ஸ்ல துலோன்லேர்ந்து அவங்க சொந்தக்காரப் பையன் ஒருத்தன் வந்திருந்தான். அவன் பெட்டி மூடறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்திருக்கான். ஊருக்குப் போன பிறகு பெருசு பண்ணிப் பாத்திருக்கான். முதுகுல எழுத்து தெரிஞ்சிருக்கு. 'கோழி வாத்து சமைக்கும் முறைகள்'.

அது ஒண்ணுதான் அந்த அளவுல இருந்துச்சு. குசினிக்காரர் பொண்ணுன்னு வேணும்னே வச்சேன்கிறாங்க. நான் அதை நினைக்கவே இல்ல. கையில கிடைச்சதை எடுத்தேன். தொட்டா ரெண்டும் ஒண்ணுதானே? உயிரோட இருந்தப்பவே பாக்க முடியாதவ. ஆனா ஊருக்கு அதுதான் பேச்சு. மீன்காரிகூட என்கிட்ட முகத்தைத் திருப்பிக்கிட்டு மீன் வெட்டறா.

செவ்வாய், வெள்ளி நாலு மணியானா இப்ப எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியறதில்ல. குடையை எடுத்து வெளிய வச்சிடறேன், அப்புறம் உள்ள எடுத்து வச்சிடறேன். அது பழக்கம். அதுக்கு மேல ஒண்ணுமில்ல.

நீ என்ன கேக்கப் போறேன்னு தெரியும். ரொம்ப நேரமா அந்த நீலப் புத்தகத்தையே பாத்துக்கிட்டிருக்கே. அந்தப் பதினாறு பக்கம் தெரிஞ்சா எழுதினவ யாருன்னு கண்டுபிடிச்சிடுவே, அவ பேரு வெளிய வரும், உனக்குப் பட்டம் வரும். இருக்கட்டும். வெளிப்பக்கத்தைப் படம் எடுத்துக்கோ, அந்த அரை வரியை. தூக்கிப் பிடிச்சு எட்டிப் பாக்காதே, மடிப்பு தளரும். லியோன் கடைக்காரர் போன மாசம் எழுதியிருந்தார், மூணு தொகுதியும் சேத்து ஒரு பெரிய நூலகம் கேக்குதாம். எனக்கப்புறம் குடுக்கறேன்னு எழுதிட்டேன். அவங்க கேட்ட ஒரே கேள்வி, வெட்டலையே? வெட்டலன்னு எழுதினேன். கண்ணாடிப் பெட்டியில வைப்பாங்களாம்.

இவ்வளவு தூரம் வந்துட்டே, வெறுங்கையோட போக வேண்டாம். கையைக் கொண்டா. அந்த மோதிரத்தைக் கழட்டிட்டு. இந்த மேல் ஓரத்துல விரலை வை, மெதுவா. மடிப்பு தெரியுதா? இதுக்கு நேர் உள்பக்கம்தான். கதவைத் திறந்தவங்க முன்னாடி நின்னு கோன்ஸ்தான்ஸ் என்னமோ சொல்றா.

போதும். கையை எடு.